ஒரு தீவு, இரு நாடுகள்: நிலத்தோற்றத்தையும் வளர்ச்சி ஏற்றத்தாழ்வையும் சேர்த்து நடத்துவது எப்படி?

மேல்நிலை வகுப்புகளுக்குப் புவியியல் நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

நிலத்தோற்றம் நமக்கு ஒரு பாடம், வளர்ச்சி ஏற்றத்தாழ்வு இன்னொரு பாடம். இரண்டையும் தனித்தனியாக நடத்தி முடிக்கிறோம். நாம் இணைக்காமல் விட்டதைப் பிள்ளைகள் தாங்களாகவே இணைத்துக்கொள்கிறார்கள்: மலையும் வறட்சியும் என்றால் ஏழை நாடு, சமவெளியும் ஆறும் என்றால் பணக்கார நாடு. இது எவ்வளவு தப்பு என்று காட்ட, கரீபியன் கடலில் இருக்கும் ஹிஸ்பானியோலா தீவை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கே மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலான நிலம் ஹைட்டி, மீதி டொமினிக்கன் குடியரசு. மலைத்தொடர்கள் எல்லை தாண்டி ஓடுகின்றன. சூறாவளியும் எல்லை பார்த்து வீசுவதில்லை. ஆனால் மனித மேம்பாட்டுக் குறியீடு (ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து 0 முதல் 1 வரை அளக்கும் எண்) ஹைட்டிக்குச் சுமார் 0.55, டொமினிக்கன் குடியரசுக்குச் சுமார் 0.77.

முதலில் குறுக்குவெட்டு, அதாவது நிலத்தை ஒரு கோட்டில் வெட்டிப் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும் படம், வரையச் சொல்லுங்கள். வடகிழக்குக் கடற்கரையில் நாகுவா, நடுவில் பிக்கோ துவார்த்தே சிகரம், மேற்கே போர்ட்-ஓ-பிரின்ஸ்: மூன்றும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் வரும், நீளம் 280 கி.மீ. அளவில். 1 செ.மீ.க்கு 10 கி.மீ. என்று வைத்தால் ஏ4 தாளை அகலவாட்டில் போட்டு வரைந்துவிடலாம். காகித நாடா ஒன்றைக் கோட்டின் மேல் வைத்து, சமஉயரக் கோடு (வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) வெட்டும் இடமெல்லாம் குறித்து, உயரத்தைப் பக்கத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். எழுதாமல் விட்டால், ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பது தாளுக்கு மாற்றும்போது குழம்பிவிடும்.

செங்குத்து அளவில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். கிடைமட்ட அளவையே வைத்தால், ஏறத்தாழ 3,100 மீட்டர் உயரமுள்ள பிக்கோ துவார்த்தே தாளில் 3 மி.மீ. மேடுதான். செங்குத்தாக 1 செ.மீ.க்கு 1,000 மீட்டர் என்று வைத்தால் 3 செ.மீ. உயரும்; படம் பேசும். ஆனால் அது 10 மடங்கு மிகைப்படுத்தல். அதைப் படத்தின் கீழே எழுதாவிட்டால் சரிவெல்லாம் செங்குத்துப் பாறை என்றே மாணவர் நம்பிவிடுவார்.

இப்போது வியாபாரக் காற்றை வடகிழக்கிலிருந்து அம்புக்குறியாகப் போடச் சொல்லுங்கள். மழை கிழக்குச் சரிவில் கொட்டுகிறது. ஹைட்டியின் பெரும்பகுதி மழை மறைவில், அதாவது மலை மழையைத் தடுத்துவிடும் மறுபுறத்தில், விழுகிறது. ஆக, நிலத்தோற்றத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தீவின் மிக உயர்ந்த சிகரம் இருப்பது வசதியான நாட்டில்! மலைதான் வறுமைக்குக் காரணம் என்ற வாதம் இங்கே நிற்காது.

அடுத்தது குறியீடு. பட்டியலை மனப்பாடம் செய்யவிடாமல் கையால் கணக்கிட வையுங்கள். ஒரு கற்பனை நாடு: ஆயுள் எதிர்பார்ப்பு 72. குறைந்தபட்சம் 20, அதிகபட்சம் 85. எனவே 52-ஐ 65-ஆல் வகுத்தால் 0.8. எதிர்பார்க்கப்படும் பள்ளி ஆண்டுகள் 12.6, உச்சம் 18. சராசரிப் பள்ளி ஆண்டுகள் 7.5, உச்சம் 15. வகுத்தால் 0.7, 0.5; இரண்டின் சராசரி 0.6. வாங்கும் திறன்படி தலா வருமானம் 7,500 டாலர். எல்லைகள் 100, 75,000. இதற்கு மடக்கை எடுக்க வேண்டும். வருமானத்தையும் உச்சத்தையும் 100-ஆல் வகுத்தால் 75, 750: 75-இன் மடக்கையை 750-இன் மடக்கையால் வகுத்தால் 0.652. மூன்றையும் பெருக்கிக் கனமூலம் எடுத்தால் 0.679, நடுத்தர நிலை.

மடக்கையை மறந்து நேரடியாகக் கழித்தால் வருமானப் பகுதி 0.099 ஆகி, விடை 0.36-க்குச் சரியும், நாடே கீழ்வரிசைக்குப் போய்விடும். மடக்கை எதற்கு என்று கேட்பார்கள். 1,000 டாலர் 2,000 ஆனாலும், 20,000 டாலர் 40,000 ஆனாலும் வருமானப் பகுதி ஏறுவது அதே 0.105 என்று போட்டுக் காட்டுங்கள். ஏழைக்குக் கூடும் ஆயிரமும் பணக்காரருக்குக் கூடும் ஆயிரமும் ஒன்றல்ல என்பதைச் சூத்திரமே சொல்லிவிடும்.

இனி வரலாறு இல்லாமல் நகர முடியாது. ஹைட்டி 1804-இல் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றது. 1825-இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை நிறுத்தி 15 கோடி பிராங்க் இழப்பீடு கேட்டது, அதாவது அடிமைகளை 'இழந்த' முதலாளிகளுக்காக! 1838-இல் அது 9 கோடியாகக் குறைந்தாலும், அதற்காக வாங்கிய கடன்கள் தீர 1947 ஆயிற்று. பாடநூலில் ஒரு வரி கூட ஒதுக்காமல் விடக்கூடிய செய்தி இல்லை இது.

இந்த வறுமை திரும்பி நிலத்தையே மாற்றியது. ஹைட்டியில் சமையல் பெரும்பாலும் மரக்கரியில். அண்டை நாட்டு அரசு எரிவாயுவுக்கு மானியம் கொடுத்தது. மரம் போன சரிவில் மண் நிற்காது. ஆர்த்திபோனித் ஆற்றின் பெலிக்ரே அணை 1956-இல் கட்டி முடிக்கப்பட்டது. அடித்து வந்த வண்டல் நீர்த்தேக்கத்தை மேடாக்கி, மின் உற்பத்தியையும் பாசனத்தையும் பாதித்தது. ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் பழுப்பு என்று பிரபலமான எல்லைப் படத்தைக் காட்டுங்கள், தவறில்லை. அது எல்லையின் ஒரு துண்டு மட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தேர்வில் 'ஹைட்டியின் வறுமைக்குக் காரணங்கள் யாவை?' என்று கேட்டால் பட்டியல்தான் வரும். 'பெலிக்ரே அணையில் வண்டல் சேர்வதில் சரிவின் பங்கு எது, கரி அடுப்பின் பங்கு எது? குறுக்குவெட்டைச் சுட்டிக்காட்டி எழுதுக' என்று கேளுங்கள். ஐந்து மதிப்பெண்ணில் இரண்டைப் படத்தில் சுட்டுவதற்கே வையுங்கள்.