கட்டுல கை வச்சா மரம் மிதக்காது

வணக்கம் மக்களே. நாகர்கோவில்ல முப்பது வருஷமா ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணுன ஆளாக்கும் நான். எச்.ஐ.வி. பத்திப் பேசக் கூப்பிட்டாங்க, ஆனா நான் என் முதுகுல இருந்துதான் தொடங்குவேன், கோவிச்சுக்கிடாதீங்க.

காலையில எந்திரிச்சா முதுகு பலகை மாதிரி விறைச்சு நிக்கும், கொஞ்சம் நடந்தாத்தான் இளகும். டாக்டர் எச்.எல்.ஏ. பி27னு, பொறப்புலயே வர்ற ஒரு மரபணு வகை இருக்கான்னு பாக்குற டெஸ்ட் எழுதுனாரு, பாசிட்டிவ். அந்தச் சொல்லைக் கேட்டு வீட்ல பதறிட்டாங்க, அது வேற பாசிட்டிவ்னு விளக்குறதுக்குள்ள சாயா ஆறிப்போச்சு. பெறவு படிச்சுப் பாத்தா, எச்.ஐ.வி. இருந்தும் மாத்திரை இல்லாமலே வைரஸை அடக்கி வச்சிருக்கவங்கள்ட்ட இந்த பி27-உம், அதோட இன்னொரு வகையான பி57-உம் வழக்கத்தைவிட அதிகமா இருக்காம். அன்னைல இருந்து எனக்கு இந்தக் கிறுக்கு.

அப்படி அடக்குறவங்க, நோய் வந்த 100 பேர்ல ஒருத்தர்கூட தேறாது. ஒரு மில்லி ரத்தத்துல 50 வைரஸ்கூட எண்ண முடியாது. ஆனா பி27 இருக்க எல்லாருக்கும் இந்த யோகம் இல்ல, பெரும்பாலானவங்களுக்கு இல்லவே இல்ல, இதை மறக்காதீங்க.

நம்ம செல்லு உள்ள என்ன சமைக்குதுன்னு துண்டு துண்டா வாசல்ல வச்சுக் காட்டும், மீன்கடையில தட்டுல பரப்பி வச்ச மாதிரி. அந்தத் தட்டுதான் எச்.எல்.ஏ. நோயை விரட்டுற காவக்காரன் மாதிரி, கொல்லுற டி செல்னு ஒரு ரத்த செல்லு வந்து பாக்கும், வைரஸ் துண்டு கெடந்தா அந்த செல்லையே தீத்துரும். தட்டு ஆளாளுக்கு வேற, பி27, பி57 எல்லாம் அதுல ரகம். எந்தத் துண்டு அதுல உக்காரும்ங்கிறதுதான் இங்க விஷயமே.

எங்க தாத்தா குளச்சல்ல கட்டுமரம் வச்சிருந்தாரு. நாலஞ்சு மரத்தைக் கயித்தால வரிஞ்சு கட்டியிருக்கும், ஆணி கெடையாது. நான் சின்னப் பயலா அந்த முடிச்சை நோண்டிட்டே இருப்பேன். பாயை மாத்து, துடுப்பை மாத்து, கட்டுல மட்டும் கை வைக்காத, நடுக்கடல்ல மரம் ஆளுக்கொரு பக்கம் போயிரும்னு வைவாரு. வைரஸும் அப்படித்தான். சட்டை மாத்துற மாதிரி உருவத்தை மாத்திக்கிட்டே இருக்கும், அதனாலதான் டி செல்லு ஏமாந்து போவுது. ஆனா உள்கூட்டைச் சேத்துப் பிடிக்கிற சில இடம் இருக்கு, அதை மாத்துனா வைரஸுக்கே கேடு. பி27, பி57 தட்டுல வந்து உக்காருறது பெரும்பாலும் அந்த இடத்துத் துண்டு. ஆமா, கட்டுதான், பாய் இல்ல. 2019ல ஒரு ஆராய்ச்சியும் இதையே சொல்லிச்சு: வைரஸ் புரதத்துல எது நெறைய தொடர்போட பின்னிக் கெடக்கோ, அடக்குறவங்களோட டி செல்லு அதைத்தான் குறி வைக்குது.

ஐயோ, நிகழ்ச்சி நடத்துற அந்தம்மா கண்ணாடிக்குப் பின்னால ரெண்டு நிமிஷம்தான்னு ரெண்டு விரலைக் காட்டுறாங்க. சுருக்கமா சொல்லிருதேன்.

2020ல இப்படி அடக்குற 64 பேரை ஆராய்ச்சி பண்ணிப் பாத்தாங்க. பலருக்கு மிச்ச வைரஸ் நம்ம மரபணுத் தொடர்ல ஆளில்லாத பொத்தையில கடை போட்ட மாதிரி ஒதுங்கிக் கெடக்கு, வேலை நடக்கல. கலிபோர்னியாவுல 1992ல நோய் தெரிஞ்ச ஒரு அம்மாவுக்கு 150 கோடி செல்லைத் தேடியும் முழு வைரஸ் ஒண்ணுகூட சிக்கல.

அதுக்காக மாத்திரையை நிறுத்தாதீங்க, அடக்குறவங்களுக்கே உள்ளுக்குள்ள அழற்சி இருக்கும், அவங்களுக்கும் டாக்டர்மாரு மருந்து சொல்லத்தான் செய்றாங்க. பி57 கதை வேற ஒண்ணு பாக்கி இருக்கு, அபாகாவிர்னு ஒரு எச்.ஐ.வி. மாத்திரை பி57 உள்ளவங்கள்ல சிலருக்கு ஒத்துக்கிடாது, அது எதுக்குன்னா... சரிம்மா, சரி, முடிச்சாச்சு, வரட்டா.