சிரித்தவர்கள் பக்கம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மழை இருட்டிக்கொண்டு வந்தும் குடையோடு வந்து உட்கார்ந்திருக்கும் சபையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

பிந்தி வந்தவர்களுக்காகத் தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ‘மிகையே உருவான துரத்தல் திகில் படங்களைப் பார்த்துச் சிரிக்கும் ரசிகரிடம் மேலோங்கி நிற்பது ரசனையா, அலட்சியமா?’ நாங்கள் ரசனை என்கிறோம். எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி ஒரு கேள்வி கேட்டார்: “ஒரு பெண்ணை ஒருவன் விடாமல் துரத்தி மிரட்டுகிறான். அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறீர்களே, உங்களுக்கு நெஞ்சில் ஈரமில்லையா?” கைதட்டலும் வாங்கிவிட்டார். நானும் தட்டினேன். நல்ல கேள்விதான், ஆனால் தப்பான ஆட்களிடம் கேட்டுவிட்டார்.

அவர்கள் திரும்பத் திரும்ப இழுத்த படம் 2015இல் வந்த ‘த போய் நெக்ஸ்ட் டோர்’. ஜெனிஃபர் லோபஸ் நடித்தது. பார்க்காதவர்களுக்குக் கதை இவ்வளவுதான். கணவனைப் பிரிந்து மகனோடு இருக்கும் ஒரு ஆசிரியை. பக்கத்து வீட்டுக்கு வந்து சேருகிறான் ஓர் இளைஞன். ஒரு இரவு இருவரும் எல்லை மீறுகிறார்கள். விடிந்ததும் அவள், “இது பிழை, இதோடு சரி” என்கிறாள். அவன் விடுவதாயில்லை. அவள் வகுப்பிலேயே வந்து உட்காருகிறான், மகனைக் கைக்குள் போட்டுக்கொள்கிறான், கார் பிரேக்கில் கைவைக்கிறான். ஏறத்தாழ 40 இலட்சம் டொலரில் எடுத்த இந்தப் படம் 5 கோடி டொலருக்கு மேல் வசூலித்தது. விமர்சகர்கள் பெரும்பாலும் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அப்போது காசு கொடுத்துப் போனவர்கள் யார்? பாதிப்பேர் சிரிக்கவே போயிருப்பார்கள் என்பது என் ஊகம்.

எதைப் பார்த்துச் சிரித்தோம்? அந்தப் பையன் இலக்கியம் படிப்பிக்கும் ஆசிரியைக்கு ஒரு பரிசு கொண்டுவருகிறான். ஹோமரின் இலியட். அவள் புரட்டிப் பார்த்து, “முதல் பதிப்பா!” என்று வாயைப் பிளக்கிறாள். பழைய சாமான் விற்ற இடத்தில் ஒரு டொலருக்கு வாங்கினானாம்! ஐயா, இலியட் வாய்மொழியாகப் பாடப்பட்டு வந்த காவியம். அதன் கிரேக்க மூலம் முதன்முதல் அச்சேறியது 1488இல், புளோரன்ஸ் நகரில். அதுதான் முதல் பதிப்பு. ஊரில் எவனும் சிரிப்பான் என்றால் யாழ்ப்பாணத்தான் இரண்டு மடங்கு சிரிக்க வேண்டாமா? செல்லரித்த ஏடுகளைத் தேடித் தேடி, 1887இல் கலித்தொகையை முதன்முதல் அச்சிட்டவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. பிறந்தது இங்கே சிறுப்பிட்டியில். முதல் பதிப்பு என்றால் என்ன பாடு என்று தெரிந்த மண்ணில் இருந்துகொண்டு அந்தக் காட்சியைச் சிரிக்காமல் பார்த்தால், அதற்குப் பெயர்தான் அலட்சியம்.

கடைசிக் காட்சி இன்னும் விசேஷம். மகனின் ஒவ்வாமைக்கென்று வைத்திருந்த ஊசியை எடுத்து அவள் வில்லனின் கண்ணில் குத்துகிறாள். அவன் அதற்கும் அசையவில்லை. பிறகு மேலே தொங்கும் ஒரு எஞ்சின் அவன்மேல் விழுகிறது. ஆளை முடிக்க ஊசி காணாது, எஞ்சினும் வேண்டும்! இதையும் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு பார்க்கச் சொல்கிறார் எதிரணிச் சகோதரி.

சரி, சிரித்த கதை போதும். சிரிப்பு எங்கே நின்றது என்பதுதான் என் வாதம்.

இந்தப் படத்தை எங்கள் வீட்டில் ஒரு ஞாயிறு மத்தியானம் கூட்டமாக இருந்து பார்த்தோம். அன்ரி, மச்சாள், அவளோடு படிப்பிக்கும் இரண்டு ரீச்சர்மார், எல்லாரும். இலியட் வந்தபோது தேத்தண்ணி புரைக்கேறும் அளவுக்குச் சிரித்தார்கள். பிறகு ஒரு காட்சி. ஆசிரியை தன் வகுப்பறைக் கதவைத் திறக்கிறாள். அந்த இரவு அவளுக்குத் தெரியாமல் எடுத்த படங்களைச் சுவர் முழுக்க ஒட்டி வைத்திருக்கிறான். மூலையில் பிரிண்டர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதே படத்தைத் தாள் தாளாகத் துப்புகிறது. மாணவர்கள் வரப்போகிறார்கள். அவள் இரண்டு கையாலும் கிழிக்கிறாள், தரையில் விழுந்து பொறுக்குகிறாள், பிரிண்டரோ நிற்கமாட்டேன் என்கிறது. எங்கள் வீட்டில் ஒரு சத்தமில்லை. மச்சாள் வாயில் வைத்த முறுக்கைக் கடிக்கவில்லை. கொஞ்சம் கழித்து ஒரு ரீச்சர் சொன்னார்: “உவள் இதை ஆரிட்டப் போய்ச் சொல்லுவாள்? சொன்னால் வேலை போயிடும்.”

அந்தப் படத்தைப் பற்றி நான் கேட்ட ஆகச் சிறந்த விமர்சனம் அதுதான். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் புரைக்கேறச் சிரித்த அதே வாயிலிருந்து வந்தது. படத்தைப் போட்டுவிடுவேன் என்று போனில் மிரட்டுகிறவன் இந்தக் குடாநாட்டிலும் இருக்கிறான் என்பது அந்த ரீச்சருக்குத் தெரியும். பொய்யைப் பார்த்தபோது சிரித்தார், உண்மையைப் பார்த்தபோது வாயை மூடினார். இந்தத் தராசு கையில் இருப்பவரையா அலட்சியக்காரர் என்கிறீர்கள்?

எங்கள் சனத்துக்கு இது புதுப் பழக்கமும் இல்லை. 1990களில் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் ஜெனரேற்றர், ரீவி, வீடியோ டெக் எல்லாம் வாடகைக்கு எடுத்து, மண்ணெண்ணெயில் ஓட்டி, விடிய விடியப் படம் பார்த்த சனம் இது. முற்றத்தில் பாய் விரித்து அம்மம்மா படத்தோடு பேசுவார். “எடி பிள்ளை, உவன்ர முழியைப் பார், கதவைத் திறவாதை!” கதாநாயகி திறந்துவிடுவாள். “சொன்னனான் கேட்டியே?” என்று அம்மம்மா திட்டுவார், முற்றமே சிரிக்கும். அலட்சியமாகப் பார்ப்பவர் படத்தோடு சண்டை பிடிப்பாரா?

இனி மறுபக்கத்துக்கு வருவோம். சிரிக்காமல், பயபக்தியோடு பார்த்த கூட்டம் என்ன செய்தது? 1987இல் ‘ஃபேட்டல் அட்ராக்ஷன்’ வந்தது. இங்கே துரத்துகிறவள் பெண், துரத்தப்படுகிறவன் அவளோடு தொடர்பு வைத்த, மனைவியுள்ள ஓர் ஆண். மிகப் பெரிய வெற்றி, ஆறு ஒஸ்கார் பரிந்துரை, தரமான படம் என்று பெயர். முதலில் எடுத்த முடிவில் அந்தப் பெண் தன்னைத் தானே மாய்த்துக்கொள்கிறாள், பழி அந்த ஆண்மேல் விழுகிறது. வெள்ளோட்டத்தில் பார்த்த சனத்துக்கு அது காணவில்லை. முடிவை மாற்றி மறுபடி எடுத்தார்கள், மனைவி சுட்டுக் கொல்கிறாள். தியேட்டரில் ஆட்கள் எழுந்து நின்று “கொல்லு அவளை” என்று கத்தியதாக அப்போதே எழுதினார்கள். மனைவிக்குத் துரோகம் செய்த ஐயா நல்ல பிள்ளையாக வீட்டோடு சேர்ந்துவிட்டார்! அங்கே யாரும் சிரிக்கவில்லை, நடுவர் அவர்களே. ஒரு சின்னச் சிரிப்பு வந்திருந்தால் அந்த வெறி அடங்கியிருக்கும்.

அவ்வளவு தூரம் போவானேன், நம் தமிழ்ப் படங்களுக்கு வாருங்கள். ரியூசன் முடிந்து வரும் பிள்ளைக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் திரிகிறவன் எந்தப் படத்தைப் பார்த்துப் பழகினான்? கண்ணில் ஊசி ஏறி, எஞ்சின் விழுந்து செத்தவனைப் பார்த்தா? அப்படி ஆக எவனுக்கும் ஆசை வராது. பின்னாலேயே போனான், அவள் திட்டினாள், மழையில் நின்றான், ஒரு பாட்டு வந்தது, பாட்டு முடிய அவள் சரியென்றாள். இந்தப் படத்தைப் பார்த்துத்தான் பழகினான். அதை நாம் சிரிக்காமல் பார்த்தோம். கண்கலங்கிப் பார்த்தோம். 2016இல் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது, தமிழ்ச் சினிமாவின் துரத்தல் காதலைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்தது. அங்கே கூண்டில் ஏற்றப்பட்டவை காதல் படங்கள். நாங்கள் சிரிக்கிற இந்தக் கோமாளித் திகில் படங்களை யாரும் அழைக்கவேயில்லை.

கம்பனைத் தொடாமல் யாழ்ப்பாணத்தில் பட்டிமன்றம் முடியாது என்பார்கள். நான் முடித்துக் காட்டுகிறேன். ஆனால் காத்தவராயனை விடமாட்டேன். நம்மூர்க் கூத்து. ஆரியமாலையை அடைய அவன் வேடம் மாற்றி மாற்றி அலைவதைப் பார்த்து, கோயில் வீதியில் பாயோடு வந்த சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். காத்தான் சாமி, நான் குறை சொல்லவில்லை. விடியப்புறம் கழுவேறும் காட்சி வரும். நடுச்சாமத்தில் சிரித்த அதே கிழவி அங்கே கைகூப்பி நிற்பாள். அவளை அலட்சியக்காரி என்று சொல்ல எதிரணிக்குத் துணிவிருந்தால், அடுத்த முறை கோயில் வீதிக்கு வந்து சொல்லட்டும், நான் பாய் பிடித்து வைக்கிறேன்.

எதிரணியில் ஒருவர், பின்தொடரப்பட்ட பெண்ணால் சிரிக்க முடியுமா என்றும் கேட்டார். முடியாது. அவளைச் சிரிக்கச் சொல்ல யாருக்கும் உரிமையும் இல்லை. ஆனால் அவளைத் துரத்துகிறவன் தன்னை ஒரு பெரும் காதலனாக, காவிய நாயகனாக நினைத்துக்கொண்டு திரிகிறானே, அந்த நினைப்பை உடைப்பது எது? அவனைப் பார்த்து நாம் அழுதால் வளருவான், நடுங்கினாலும் வளருவான். ஒரு டொலர் இலியட்டோடு வந்து நிற்கும் முட்டாளாக அவனைத் திரையில் காட்டி, முந்நூறு பேர் சேர்ந்து சிரித்தால் அவன் எங்கே போய் நிற்பான்?

மணி அடித்துவிட்டார்கள். அடுத்து எதிரணித் தலைவர் வருகிறார். அவரிடம் எனக்கு ஒரு கேள்விதான். அந்தப் பரிசுக் காட்சியில் ஐயா சிரித்தாரா, இல்லையா? யோசித்துப் பதில் சொல்லட்டும், அவர் வீட்டம்மா முன்வரிசையில்தான் இருக்கிறார்.