அடுப்பில் 6:40, போனில் 5:40

வணக்கம் மக்களே, மெதுவாகத்தான் பேசுவேன், வீட்டில் மற்றவர்கள் தூங்குகிறார்கள். டொராண்டோவில் ஞாயிறு விடிகாலை. அடுப்பில் இருக்கிற கடிகாரம் 6:40 என்கிறது, போன் 5:40 என்கிறது. இங்கே வருடா வருடம் மார்ச்சில் கடிகாரத்தை ஒரு மணி முன்னுக்கு வைப்பார்கள், நவம்பரில் பின்னுக்கு. அப்படித்தான் ராத்திரி 2 மணிக்கு நேரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். போன் தானாக மாறிக்கொள்ளும், அடுப்பை நான்தான் மாற்ற வேண்டும். மடியில் இருக்கிற என் பையன், இந்தத் துரைக்கோ இரண்டுமே கணக்கில்லை. ஒரு சாக்ஸைக் கழற்றிக் கடித்துக்கொண்டிருக்கிறார்.

போன நவம்பரில் இவனுக்கு 7 மாதம். சனிக்கிழமை ஒரு மணி நேரம் தாமதமாகப் படுக்க வைத்தால் காலையிலும் தாமதமாக எழுவான் என்று கணக்குப் போட்டேன். அழுது அழுது தூங்கியவன் புது நேரப்படி 4:15க்கே எழுந்து உட்கார்ந்துவிட்டான். குழந்தை ரொம்பக் களைத்துவிட்டால் தூக்கம் விட்டுவிட்டுத்தான் வரும். எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

இந்த முறை புதன்கிழமையே ஆரம்பித்தேன். வழக்கமாக 7 மணிக்குப் படுப்பவன். புதன் 7:10, வியாழன் 7:20, இப்படியே நேற்று 7:40. பகல் தூக்கம், சாப்பாடு, ராத்திரிப் பால் எல்லாவற்றையும் கூடவே நகர்த்தினேன். 6 மணிக்கு எழுபவன் இன்று பழைய நேரப்படி 6:40க்கு எழுந்திருக்கிறான். இன்னும் 20 நிமிடம்தான் பாக்கி.

அப்புறம் வெளிச்சம். மாலை வெளிச்சம் உடம்பின் கடிகாரத்தைத் தாமதப்படுத்தும், காலை வெளிச்சம் சீக்கிரமாக்கும். அதனால் இன்று சாயங்காலம் 5 மணி வாக்கில் இருட்டினதும் ஹாலில் எல்லா விளக்கையும் போட்டுவிடுவேன். இப்போது பாருங்கள், சிங்க் மேலே இந்தச் சின்ன விளக்கு மட்டும்தான். 6 மணி வரை திரைச்சீலை திறக்காது, பாலும் கிடையாது. இந்த நேரத்துக்குப் பால் கொடுத்துப் பழக்கினால் நாளைக்கு வயிறே அலாரம் அடிக்கும். மார்ச்சில் நேரம் முன்னால் போகும்போது எல்லாம் தலைகீழ்: சீக்கிரம் படுக்கை, எழுந்ததும் திரையைத் திறந்துவிடுவது.

'தூளி கட்டிப் போடேன்' என்பார் அம்மா. வாடகை வீட்டில் கொக்கிக்கு எங்கே போவது?

ஐயோ, போன். அம்மாதான். சென்னையில் தினமும் சாயங்காலம் நாலேகாலுக்குக் காபி குடித்துவிட்டுக் கூப்பிடுவார். நேற்று வரை அது இங்கே 6:45, இன்று 5:45. ஊரில் கடிகாரம் மாறாதே! ஊரெல்லாம் பாடம் எடுத்தேன், அம்மாவிடம் சொல்ல மறந்துவிட்டேன். சாக்ஸைக் கீழே போட்டுவிட்டுப் போனைப் பிடுங்குகிறான் பாருங்கள்.