கணினி வாங்கும் முன் கோப்பை எடைபோடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கிராபிக் டிசைன் வேலைக்குக் கணினி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்தப் பிராசஸர் போடலாம்?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். நீங்கள் செய்கிற வேலைகளிலேயே மிகக் கனமான கோப்பு எது? அதைக் கண்டுபிடியுங்கள். எவ்வளவு பெரிய கணினி வேண்டும் என்பதை அந்தக் கோப்பே சொல்லிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேனாவும் தாளும் பக்கத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஏ4 பக்கம் ஒன்றை, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுத் தரத்தில் திறந்தால் அகலம் 2,480 பிக்சல், உயரம் 3,508 பிக்சல். பெருக்கினால் சுமார் 87 லட்சம் பிக்சல். அச்சுக்கான சி.எம்.ஒய்.கே. முறையில் ஒரு பிக்சலுக்கு 4 பைட். ஆக, பக்கம் முழுவதையும் நிறைக்கும் ஒரு லேயர் ஏறக்குறைய 35 எம்.பி. பத்து லேயர் அடுக்கினாலும் 350 எம்.பி.தான். ரேம், அதாவது வேலை நடக்கும்போது கோப்பைத் தாங்கும் தற்காலிக நினைவகம், 8 ஜி.பி. உள்ள கணினிகூட இதைச் சமாளித்துவிடும்.

இப்போது 20 அடிக்கு 10 அடி பேனர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதே 300 புள்ளியில் திறந்தால் 72,000க்கு 36,000 பிக்சல். மொத்தம் 259 கோடி. ஒரே ஒரு லேயர் 10 ஜி.பி.யைத் தாண்டிவிடும். போட்டோஷாப்பின் வழக்கமான பி.எஸ்.டி. கோப்பு அகலத்திலோ உயரத்திலோ 30,000 பிக்சலுக்கு மேல் ஏற்காது, அதனால் பி.எஸ்.பி. என்ற பெரிய கோப்பு வடிவத்துக்குப் போக வேண்டியிருக்கும். இதே பேனரை 72 புள்ளியில் திறந்தால் ஒரு லேயர் 600 எம்.பி. அளவில் நின்றுவிடுகிறது. பதினேழில் ஒரு பங்கு! தள்ளி நின்று பார்க்கிற பேனருக்கு அதுவே போதும். கணினி திணறுகிறது என்று புதுசு வாங்கக் கிளம்புகிறவர்கள், முதலில் கோப்பு எத்தனை புள்ளியில் திறந்திருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

அடுத்து, இப்போது கையில் உள்ள கணினியையே சாட்சியாகக் கூப்பிடலாம். போட்டோஷாப் சாளரத்தின் இடது அடி மூலையில் கோப்பின் அளவைக் காட்டும் ஒரு சின்னப் பட்டி இருக்கும். அதன் அருகிலுள்ள அம்புக்குறியை அழுத்தி 'எஃபிஷியன்சி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கனமான கோப்பில் அரை மணி நேரம் வேலை செய்துவிட்டு அந்த எண்ணைப் பாருங்கள். 100 சதவீதத்திலேயே நின்றால் ரேம் போதுகிறது. 90, 80 என்று இறங்கினால், ரேமில் இடமில்லாமல் போட்டோஷாப் டிஸ்க்கில் தற்காலிக இடம் எடுத்துக்கொள்கிறது என்று பொருள். அந்த இடத்துக்குப் பெயர் ஸ்கிராட்ச் டிஸ்க். இந்த நிலையில் என்ன பிராசஸர் மாற்றினாலும் பெரிய பலன் இருக்காது. ரேமைக் கூட்டுவதுதான் வழி.

ரேமைப் பொறுத்தவரை, லோகோ, விசிட்டிங் கார்டு, சமூக வலைத்தளப் படங்கள் என்ற அளவில் வேலை என்றால் 16 ஜி.பி. போதும். போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் மூன்றையும் சேர்த்துத் திறந்துவைத்து, பின்னால் பிரவுசரும் ஓடும் என்றால் 32 ஜி.பி. எடுங்கள். பெரிய பேனர், நிறத்தின் நுண்ணிய படிகளையும் சேமித்து இருமடங்கு இடம் பிடிக்கும் 16 பிட் புகைப்படம் என்று போகிறவர்களுக்கு 64. 'அண்டூ' செய்வதற்காகப் போட்டோஷாப் சேர்த்துவைக்கும் பழைய படிகளும் இதே இடத்தைத்தான் தின்கின்றன என்பதை மறக்க வேண்டாம். 32 ஜி.பி.யை ஒரே குச்சியாக வாங்காமல் 16, 16 என்று இரண்டாக வாங்குங்கள். இரண்டு பாதையில் தகவல் ஓடும், வேகம் கூடும். நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் சரியான இடம். பக்கத்துப் பக்கத்தில் செருகினால் பெரும்பாலும் ஒற்றைப் பாதையிலேயே ஓடிக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது. லேப்டாப் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கேட்க வேண்டும்: ரேம் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்ததா, கழற்றி மாற்றக்கூடியதா? பல மெல்லிய லேப்டாப்களிலும் ஆப்பிளின் எம் வரிசை மேக்புக்குகளிலும் பிறகு கூட்டவே முடியாது. வாங்கும் அன்றே தீர்மானித்துவிட வேண்டும்.

சேமிப்புக்கு என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி., அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க், வையுங்கள். சாட்டா எஸ்.எஸ்.டி. நொடிக்கு 550 எம்.பி. அளவில் நின்றுவிடும், என்.வி.எம்.இ. 3,000க்கு மேல் போகும். ஒன்றில் கவனம் வேண்டும். விலை குறைந்த கியூ.எல்.சி. வகை எஸ்.எஸ்.டி.க்கள் முதல் சில ஜி.பி.யை வேகமாக எழுதிவிட்டு, உள்ளே உள்ள தற்காலிக இடம் நிறைந்ததும் சட்டென்று தளர்ந்துபோகும். டிஸ்க் நிறைய நிறைய இது இன்னும் மோசமாகும். அதனால் எப்போதும் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக விடுங்கள். 'ஸ்கிராட்ச் டிஸ்க் நிறைந்துவிட்டது' என்ற செய்தி வருவதற்கும் பெரும்பாலும் காலியிடம் இல்லாததுதான் காரணம். முடிந்த வேலைகளை அடுக்கிவைக்க மட்டும் பழைய ஹார்ட் டிஸ்க் போதும்.

இனி பிராசஸர். போட்டோஷாப்பிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் பெரும்பாலான வேலைகள் ஒன்றிரண்டு கோர்களிலேயே, அதாவது பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் ஒன்றிரண்டு அலகுகளிலேயே, ஓடுகின்றன. ஆகவே ஒற்றைக் கோரின் வேகம்தான் இங்கே பேசும். 6 அல்லது 8 வேகமான கோர், சமீபத்திய தலைமுறை, அவ்வளவு போதும். 'வொர்க்ஸ்டேஷன்' என்ற பெயரோடே விற்கும் பெட்டிகளில் ஏராளமான கோர்களும், பிழை திருத்தும் இ.சி.சி. ரேமும் இருக்கும். முப்பரிமாண ரெண்டரிங்குக்கும் அறிவியல் கணக்கீட்டுக்கும் அவை அருமையானவை. இரு பரிமாண டிசைன் வேலைக்கு அந்தப் பணத்தை மானிட்டரில் போடுவதே என் கட்சி. கிராபிக்ஸ் கார்டும் அப்படியே. 4 ஜி.பி. வீடியோ ரேம் இருந்தால் வேலை நடக்கும்; 8 இருந்தால் நிம்மதி. வீடியோவும் 3டியும் சேர்ந்தால்தான் அதற்கு மேல்.

மானிட்டருக்கு வருவோம். வேலை தரமாக வருகிறதா என்பது இங்கேதான் முடிவாகிறது. ரேம் குறைந்தால் நேரம்தான் போகும். மானிட்டர் பொய் சொன்னால் அச்சடித்த அத்தனை தாளும் போகும்.

வாங்கும்போது, பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐ.பி.எஸ். பேனலா என்று பாருங்கள். டி.என். பேனலில் தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே நிறம் மாறும். திரையின் மேல் பகுதியில் ஒரு நீலம், அடியில் வேறொரு நீலம். பிறகு, வலைத்தளங்களும் பெரும்பாலான திரைகளும் பின்பற்றும் எஸ்.ஆர்.ஜி.பி. வண்ண எல்லையில் 100 சதவீதத்துக்கு நெருக்கமாகக் காட்டுகிறதா என்று விவரத்தாளில் தேடுங்கள். விலை குறைந்த லேப்டாப்களில் '45 சதவீதம் என்.டி.எஸ்.சி.' என்று, பழைய தொலைக்காட்சி வண்ண அளவுகோலில் போட்டிருப்பார்கள். எஸ்.ஆர்.ஜி.பி.யில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அந்தத் திரையில் தெரியவே தெரியாது. நல்ல சிவப்பு அதில் செங்கல் நிறமாகத் தெரியும். டிசைனர் என்ன செய்வார்? சிவப்பு வெளிறிக் கிடக்கிறதே என்று சாச்சுரேஷனைக் கூட்டுவார். அச்சிலும் மற்றவர்களின் திரையிலும் அது கண்ணைக் குத்தும். என்.டி.எஸ்.சி. கணக்கில் 72 சதவீதம் என்றிருந்தால் ஏறத்தாழ முழு எஸ்.ஆர்.ஜி.பி.க்குச் சமம் என்று கொள்ளலாம். எஸ்.ஆர்.ஜி.பி.யைவிட விரிந்த வண்ண எல்லையான அடோபி ஆர்.ஜி.பி.யை முழுதாகக் காட்டும் மானிட்டர், புகைப்படத்தையும் உயர்தர அச்சையும் கையாள்பவர்களுக்கு உதவும். வலைத்தள வேலை மட்டும் செய்பவர்கள் அதை வாங்கினால், எஸ்.ஆர்.ஜி.பி. மோடில் வைத்தே பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் எல்லா நிறமும் மிகைப்பட்டுத் தெரியும்.

அளவு? 27 அங்குலத்தில் 2560க்கு 1440 பிக்சல் என்றால் அங்குலத்துக்கு 109 பிக்சல் வரும். எழுத்துகள் கண்ணை உறுத்தாத அளவில் தெரியும். அதே 27 அங்குலத்தில் 4கே என்றால் 163; எழுத்துரு வேலைக்கு மிகக் கூர்மை, ஆனால் எழுத்தையும் பொத்தான்களையும் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கேலிங்கை 150 சதவீதத்தில் வைக்க வேண்டியிருக்கும்.

"திரையில் பளிச்சென்று இருந்தது, அச்சில் இருட்டாக வந்துவிட்டது" என்பது இந்தத் தொழிலில் ஓயாமல் கேட்கும் குறை. பல நேரம் அதில் அச்சகத்தின் தவறு ஒன்றும் இருக்காது. மானிட்டர்கள் பெட்டியிலிருந்து வரும்போதே மிகையான வெளிச்சத்தில் வருகின்றன. அந்த வெளிச்சத்தில் இருண்ட படமும் போதுமான வெளிச்சத்தோடு தெரியும். நாம் திருத்தாமல் விட்டுவிடுவோம். திரையின் நிறத்தை அளந்து சரிசெய்யும் கேலிபரேஷன் கருவி இருந்தால், மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடேறிய பிறகு, வெளிச்சம் 120 நிட்ஸ், வெண்மை 6,500 கெல்வின், நடுத்தர நிழல்களின் வெளிச்சத்தைத் தீர்மானிக்கும் காமா 2.2 என்று அமையுங்கள். மாதம் ஒருமுறை திரும்பச் செய்தால் போதும். கருவி இல்லையா? வேலை செய்யும் மேசை விளக்கின் கீழ் ஒரு வெள்ளைத் தாளை மானிட்டருக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையில் ஒரு வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, இரண்டும் ஒரே வெண்மையாகத் தெரியும்வரை திரை வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். முதல் இரண்டு நாள் திரை மங்கலாகத் தோன்றும். பிறகு கண் பழகிவிடும். 'விவிட்', 'டைனமிக் கான்ட்ராஸ்ட்', இரவு நேர மஞ்சள் ஒளி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கோப்பு சேமிக்கப்பட்டுக்கொண்டிருக்கும் அந்தச் சில நொடிகளில் மின்சாரம் போனால் கோப்பே சிதைந்துவிடக்கூடும். யூ.பி.எஸ். வாங்கும்போது வி.ஏ., அதாவது வோல்ட்-ஆம்பியர், எண்ணை மட்டும் பார்க்காமல் வாட் எண்ணையும் பாருங்கள், 1,000 வி.ஏ. என்று எழுதியது 600 வாட் மட்டுமே தாங்குவதாக இருக்கலாம். பவர் சப்ளையில் உள்ள '80 பிளஸ்' முத்திரை, மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதற்கான சான்று. உழைப்புக்கான சான்று அல்ல. அதற்கு உத்தரவாதக் காலத்தைப் பாருங்கள்.

கணினி வந்து இறங்கிய முதல் நாளில் செய்ய வேண்டியவை சில உண்டு. மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில்தான் செருகியிருக்கிறதா, மதர்போர்டிலா என்று பின்னால் போய்ப் பாருங்கள். இந்தத் தவறு நடந்தால் தனி கிராபிக்ஸ் கார்டு பெரும்பாலும் சும்மா கிடக்கும். 4கே மானிட்டர் நொடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கிறது, மவுஸ் இழுபடுகிறது என்றால் பழைய எச்.டி.எம்.ஐ. 1.4 இணைப்பாக இருக்கலாம், டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மாறுங்கள். கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் கிராபிக்ஸ் டிரைவரில் வண்ண வீச்சு 'லிமிடெட்' என்று இருக்கும், 'ஃபுல்' ஆக்குங்கள். கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பகுதியான பயாஸுக்குள் போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போவை இயக்குங்கள். இல்லாவிட்டால் ரேம் பெட்டியில் எழுதிய வேகத்துக்குக் கீழேதான் ஓடும்.

கடைசியாக, பழைய கணினியை அப்புறப்படுத்துவதற்கு முன் அந்தக் கனமான கோப்பைத் திறக்கவும், ஒரு பிளர் போடவும், சேமிக்கவும் எத்தனை நொடி ஆகிறது என்று குறித்து வைத்திருங்கள். புதியதில் அதையே செய்துபாருங்கள். திறப்பதும் பிளரும் வேகமாகி, சேமிப்பது மட்டும் மெதுவாகவே இருந்தால், கணினியைக் குறை சொல்ல வேண்டாம். பி.எஸ்.டி. கோப்பைச் சுருக்கி எழுதுவதில்தான் நேரம் போகிறது. போட்டோஷாப் பிரிஃபரன்சஸில் 'ஃபைல் ஹேண்ட்லிங்' பகுதிக்குப் போய், பி.எஸ்.டி., பி.எஸ்.பி. கோப்புகளைச் சுருக்க வேண்டாம் என்ற கட்டத்தில் டிக் செய்யுங்கள். கோப்பு பெரிதாகும், சேமிப்பது விரைவாகும். டிஸ்க்கில் அதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறோமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.