மூங்கில் மூச்சும் பாப் தாளமும்: ஜப்பானிய வாத்தியங்கள் ஆன்லைனில் ஒன்றுசேரும் விதம்

[திரை கறுப்பு. ஷாகுஹாச்சி ஒலி மட்டும்.]

கண்ணை மூடிக்கிட்டு இந்த ஒரே ஒரு ஸ்வரத்தைக் கேளுங்க. ஸ்வரம் பிறக்குறதுக்கு முன்னாடி ஒரு காத்துச் சத்தம் சீறிக்கிட்டு வருது, கேட்டுதா? வாசிக்கிறவர் வேணும்னே அப்படி ஊதுறார். ஜப்பான்ல அதுக்கு ‘முராஇகி’ன்னு தனிப் பேரே இருக்கு. வாத்தியம் ஷாகுஹாச்சி, மூங்கில் குழல்.

இந்த மூச்சை ஒரு பாப் பாட்டுக்குள்ள எப்படி உட்கார வைக்கிறது? குழல் ஒரு ஊர்ல, கிட்டார் இன்னொரு ஊர்ல இருந்தா என்ன செய்யறது? அதைத்தான் இன்னிக்குப் பார்க்கப் போறோம்.

[பழைய இசைத்தட்டு சுழல்கிறது.]

இந்தக் கலப்பு இணையம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே தொடங்கிடுச்சு. மியாகி மிச்சியோன்னு பார்வையில்லாத ஒரு கோட்டோ மேதை இருந்தார். கோட்டோங்கிறது படுக்கவச்சு மீட்டுற நீளமான தந்தி வாத்தியம். வழக்கமான கோட்டோவுக்கு 13 தந்தி. கீழ்ஸ்தாயி போதலைன்னு 1921-ல 17 தந்தி கோட்டோவை உருவாக்கினார். 1929-ல கோட்டோவுக்கும் ஷாகுஹாச்சிக்குமா ‘ஹாரு நோ உமி’, அதாவது ‘வசந்தகாலக் கடல்’, அமைச்சார். 1932-ல ஜப்பானுக்கு வந்த பிரெஞ்சு வயலின் கலைஞர் ரெனே ஷெமே, குழலோட பகுதியை வயலினுக்கு மாத்தி மியாகியோட சேர்ந்தே வாசிச்சுப் பதிவு பண்ணினார். எனக்கு ரொம்பப் பிடிச்ச சந்திப்பு அது.

[கணினித் திரை.]

இணையக் கதைக்கு வருவோம். 2007 ஆகஸ்ட்ல சப்போரோ நகரத்து நிறுவனம் ஒண்ணு ‘ஹட்சுனே மிக்கு’ங்கிற பாடும் மென்பொருளை வெளியிட்டுது. வீட்ல உட்கார்ந்து மெட்டுப் போடுறவங்களுக்கு ஒரு பாடகி கிடைச்சுட்டா. நிக்கோ நிக்கோங்கிற ஜப்பானிய வீடியோ தளத்துல ஒருத்தர் பாட்டுப் போட, முன்பின் தெரியாத இன்னொருத்தர் அதைத் தன் வாத்தியத்துல வாசிச்சு வீடியோ போட ஆரம்பிச்சார். பாடினவங்க தங்க வீடியோவுக்கு ‘உதத்தே மிதா’ன்னு தலைப்பு வச்சாங்க. உதத்தே-ன்னா பாடி, மிதா-ன்னா பார்த்தேன். நம்ம ‘பாடிப் பார்த்தேன்’ அப்படியே இருக்கு! முயற்சி பண்ணினேன்கிறதுக்கு அவங்களும் ‘பார்த்தேன்’னுதான் சொல்றாங்க.

அந்தத் தளத்துல 2011-ல வந்த மிக்கு பாட்டுதான் ‘சென்பொன்சாகுரா’. 2014 ஜனவரியில வாகக்கி பேண்ட்ங்கிற ஜப்பானிய ராக் குழு அதைத் தங்கள் பாணியில யூடியூப்ல போட்டாங்க. கோட்டோ, ஷாகுஹாச்சி, ஷாமிசென்ங்கிற மூணு தந்தி வாத்தியம், தைக்கோ முரசு. கூடவே கிட்டார், பேஸ், டிரம்ஸ். பாடுறவங்க ‘ஷிகின்’ங்கிற பழைய கவிதை ஓதும் கலையில தேர்ந்தவங்க. மொத்தம் எட்டுப் பேர். பார்வை 10 கோடியைத் தாண்டுச்சு.

[கோட்டோ, மிக அருகில். இடது கை.]

இப்போ கஷ்டத்துக்கு வருவோம். கோட்டோவுல ஒவ்வொரு தந்திக்கும் கீழே நகர்த்தக்கூடிய ஒரு குதிரை, அதாவது தந்தியைத் தாங்குற சின்னக் கட்டை. அதை நகர்த்தித்தான் ஸ்ருதி சேர்ப்பாங்க. பெரும்பாலும் ஐஞ்சு ஸ்வர அமைப்பு. பாப் பாட்டுல ஆறாவது ஸ்வரம் வந்துட்டா? இந்த இடது கையைப் பாருங்க. குதிரைக்கு அந்தப் பக்கம் தந்தியை அழுத்துது, ஒலி அரை ஸ்வரம் ஏறுது. வேகமான பாட்டுல நொடிக்கு நொடி இப்படி அழுத்தணும்.

ஷாகுஹாச்சிக்கு ஐஞ்சே துளை. சுமார் 54.5 செ.மீ. நீளமுள்ள வழக்கமான குழல்ல சுலபமா வர்றது டி, எஃப், ஜி, ஏ, சி. மத்த ஸ்வரங்களுக்குத் துளையைப் பாதி மூடி, தாடையைத் தாழ்த்தணும். அப்போ ஒலி நிழல் விழுந்த மாதிரி மங்கும். தனி இசையில அது அழகு. டிரம்ஸ் முழங்குற இடத்துல காதுக்கே எட்டாது. அதனால டி மைனர்ல பாட்டு அமைஞ்சா குழலுக்குக் கொண்டாட்டம். பாட்டை எழுதி முடிச்சுட்டு ‘கொஞ்சம் ஜப்பான் வாசனை தூவுங்க’ன்னு குழலைக் கூப்பிடாதீங்க. முதல்ல குழல் கலைஞர்கிட்ட அவரோட குழல் என்ன ஸ்ருதின்னு கேளுங்க, அப்புறம் பாட்டுக்கு ஸ்ருதி முடிவு பண்ணுங்க.

இன்னொண்ணு. ஜப்பான்ல ‘ஏ’ ஸ்வரத்தை 442 ஹெர்ட்ஸ்ல வைக்கிறது சாதாரணம். உங்க பதிவு மென்பொருள் பெரும்பாலும் 440-ல இருக்கும். ரெண்டும் சேர்ந்து நீண்டு ஒலிச்சா ஒலி நொடிக்கு ரெண்டு தடவை அலை மாதிரி கூடிக் குறையும். பதிவுக்கு முன்னாடியே பேசி வச்சுக்கங்க.

[பல சிறு சட்டங்களில் கலைஞர்கள்.]

இணையத்துல ஒலி போய்ச் சேர நேரம் பிடிக்கிறதால, ஒரே நேரத்துல சேர்ந்து வாசிக்கிறது கஷ்டம். அவங்கவங்க தனியாப் பதிவு பண்ணி அனுப்பணும். உங்க வாத்தியம் நாப்பதாவது ஆவர்த்தத்துலதான் வருதுன்னாலும், ஃபைலைப் பாட்டோட முதல் நொடியிலிருந்தே எடுத்து அனுப்புங்க. சேர்க்கிறவர் உங்களை வாழ்த்துவார்.

ஆனா தாளம் பிசகாம இருக்கக் காதுல ஓடுற ‘கிளிக்’ சத்தத்துக்கு வாசிக்கும்போது ‘மா’ செத்துப்போகும். ரெண்டு ஒலிக்கு நடுவுல இருக்கிற உயிருள்ள இடைவெளியைத்தான் ஜப்பான்காரங்க ‘மா’ங்கிறாங்க. அதுக்கும் வழி இருக்கு. தொடக்கப் பகுதியைக் குழல் கலைஞரை முதல்ல, கிளிக் இல்லாமலே வாசிக்கச் சொல்லுங்க. அவர் மூச்சுக்குத் தகுந்த மாதிரி டெம்போவை மென்பொருள்ல பிறகு வரைஞ்சுக்கலாம்.

[ஷாமிசென் கழுத்து, மிக அருகில்.]

ஷாமிசென்ல தடிமனான தந்தி கழுத்தை லேசா உரசி ‘ங்ங்’ன்னு அதிரும். பேரு ‘சவாரி’. தம்புராவுல ஜீவா நூல் வச்சதும் வர்ற ரீங்காரத்தை நினைச்சுக்கங்க, அதே உறவுதான். ‘பாச்சி’ங்கிற பெரிய மீட்டுகோல் தந்தியோட தோலையும் சேர்த்து அடிக்கும், அந்த ‘டப்’பும் இசைதான். இரைச்சல் நீக்கும் கருவியைப் போட்டீங்கன்னா முதல்ல பலியாகிறது இதெல்லாம்தான்.

முதல்ல கேட்ட அதே ஸ்வரத்தை அந்தக் கருவி வழியா அனுப்பியிருக்கேன்.

[ஒலி: சுத்தமான, மென்மையான ஒரு ஸ்வரம்.]

இது கீபோர்டுல இருக்கிற ஏதோ ஒரு புல்லாங்குழல் பட்டன். கருவியை எடுத்துட்டேன், மறுபடி கேளுங்க.

[திரை கறுப்பு. மூச்சு. பிறகு ஸ்வரம்.]