பியானோ இல்லாத கலவை

நேயர்களுக்கு வணக்கம். ஜாஸும் அரபு செவ்வியல் இசையும் சேர்ந்த ஓர் இசைத்தொகுப்பைப் பற்றி இன்று பேசுகிறேன். பெயர் ‘புளூ கேமல்’, 1992-இல் வந்தது. அமைத்தவர் பெய்ரூட்டில் பிறந்த, ஊத் என்ற அரபு நரம்பு வாத்தியத்தை வாசிக்கும் கலைஞர் ரபி அபு கலீல். லெபனான் உள்நாட்டுப் போரின்போது, 1978-இல், மியூனிக்கில் குடியேறியவர்.

ஜாஸ் பக்கம் பெரிய ஆட்கள்: சாக்ஸபோனில் சார்லி மரியானோ, டிரம்பெட்டில் கென்னி வீலர், பாஸ் கிதாரில் ஸ்டீவ் ஸ்வாலோ. பியானோ மட்டும் கிடையாது. இந்தத் தொகுப்பு இவ்வளவு நன்றாக அமைந்ததற்கு அதுதான் முதல் காரணம் என்பேன்.

அரபு இசை, நம் ராகங்களைப் போன்ற மகாம்களில் நடப்பது. ராஸ்ட் என்ற மகாமின் மூன்றாவது சுரம், நம் கர்நாடக இசையில் ‘சாதாரண காந்தாரம்’, ‘அந்தர காந்தாரம்’ எனப்படும் இரண்டு ‘க’ சுரங்களுக்கும் நடுவே நிற்கும். பியானோவில் அதற்குக் கட்டையே இல்லை. ஊத்தில், வீணையின் தண்டில் சுரங்களைப் பிரித்துக் காட்டும் மெட்டுகள் போன்றவை கிடையாது. விரல் வைத்த இடமே சுரம். சாக்ஸபோனும் டிரம்பெட்டும்கூட உதட்டை இறுக்கித் தளர்த்தி ஓரளவு அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

அப்புறம், பியானோ வந்தால் கார்டுகளும், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களும், கூடவே வரும். அடியில் கார்டு மாறிக்கொண்டே இருந்தால், ஒரு சுரத்தில் நின்று நிதானமாக விரிய மகாமுக்கு இடம் ஏது? அரபு மெலடி ஒன்றை எடுத்துக் கார்டுகளின் மேல் ஒட்டிவிட்டுக் கலவை என்பதை என் காது ஏற்பதில்லை. இங்கே ஊத்தும் ஊதுகருவிகளும் ஒரே மெலடியைச் சேர்ந்து வாசிக்கின்றன. பிறகு ஒவ்வொருவரும் தம் கற்பனையில் விரித்துப் போகிறார்கள். ஜாஸ்காரர் அதை சோலோ என்பார், அரபுக் கலைஞர் தக்சீம் என்பார். இரண்டு பேருக்குமே அது பழகிய தரை.

தாளத்தில் நமக்கும் ஓர் உறவு உண்டு. தென்னிந்தியத் தாள வாத்தியங்களை வாசிப்பவர் சென்னையில் பிறந்த ரமேஷ் சோத்தம். மரியானோவோ இந்தியாவுக்கு வந்து நாகஸ்வரம் கற்றவர். சாக்ஸபோனில் அவர் ஒரு சுரத்தை நீட்டி வளைக்கும்போது அந்தப் பயிற்சிதான் எனக்குக் கேட்கிறது.

‘ஜிர்யாப்’ பாடலிலிருந்து தொடங்குங்கள். பாக்தாத்திலிருந்து ஸ்பெயினின் கோர்டோபாவுக்குப் போன 9-ஆம் நூற்றாண்டு இசைக்கலைஞரின் பெயர் அது. முதல் தடவை ஊத்தை மட்டும் பின்தொடருங்கள். அடுத்த தடவை ஸ்வாலோவின் பாஸைக் கவனியுங்கள். பியானோ இல்லாத இடத்தில் அவர் எப்படித் தாங்கிப் பிடிக்கிறார் என்பது தெரியும். நன்றி, வணக்கம்.