வில்லுக்கு எண்ணெயா, அரக்கா, வார்னிஷா?

வணக்கம் நண்பர்களே. போன வீடியோவில் சீவி முடித்த சடச்சி மர வில் இதுதான். மேலும் கீழும் ஒரே மாதிரி வளைகிறது. நாணை 28 அங்குலம் இழுத்துப் பிடிக்க 40 பவுண்டு விசை வேண்டும். இதன் மேல் இன்னும் எதுவும் பூசவில்லை. என்ன பூசப் போகிறேன், ஏன் என்று இன்றைக்குச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் என் முதல் வில்லைப் பாருங்கள். நாணைக் கழற்றிய பிறகும் இரண்டு அங்குலம் வளைந்தே கிடக்கிறது, தெரிகிறதா? இதற்கு ஆளிவிதை எண்ணெய் மட்டும் மூன்று முறை தேய்த்திருந்தேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. சென்னையில் ஐப்பசி, கார்த்திகை முழுக்க, மழை விட்ட நேரமெல்லாம் இதில்தான் எய்தேன். ஒரு சொட்டு மழை பட விடவில்லை. அப்படியும் தை பிறப்பதற்குள் அம்பு இலக்குக்கு முன்னாலேயே விழ ஆரம்பித்துவிட்டது. மூன்று மாதம் உட்கார்ந்து சீவிய வில் அது, மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது.

மழைத்தண்ணீர் இதைக் கெடுக்கவில்லை, காற்றில் இருந்த ஈரம்தான் கெடுத்தது. மரத்தை அறுத்து எத்தனை வருடம் ஆனாலும் அது காற்றுக்கு ஏற்றபடி ஈரத்தை வாங்கும், விடும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் மரத்துக்குள் சுமார் 9 சதவீதம் ஈரம் நிற்கும். 80 சதவீதம் என்றால் உள்ளே 16-க்குப் போய்விடும். வில்லுக்கு 8, 9 தான் நல்லது. அதைத் தாண்டினால், இழுக்கும்போது வயிற்றுப் பக்கத்து, அதாவது எய்பவரைப் பார்த்திருக்கும் பக்கத்து இழைகள் நசுங்கி, திரும்பி வராமல் அப்படியே நின்றுவிடும். ரொம்பக் காய்ந்தாலும் ஆபத்து, ஒடிந்துவிடும்.

ஆகவே, பூச்சு என்றால் என்னைப் பொறுத்தவரை பளபளப்பு இரண்டாவதுதான். ஈரக்காற்றை அது எவ்வளவு நாள் தாமதப்படுத்தும் என்பதுதான் முதல் கேள்வி. முழுசாகத் தடுக்கும் பூச்சு கிடையாது.

அமெரிக்காவில் மேடிசன் நகரத்து அரசு மர ஆய்வகத்தில் இதைச் சோதித்திருக்கிறார்கள். 90 சதவீத ஈரக்காற்றில் 14 நாள் வைத்தபோது, மூன்று கோட் ஆளிவிதை எண்ணெய் எதையுமே தடுக்கவில்லை, பூஜ்யம். மூன்று கோட் அரக்கு 40 சதவீதத்துக்கு மேல் தடுத்தது. உருக்கிய பாரஃபின் மெழுகில் முக்கியெடுத்த கட்டை 95 சதவீதம் தடுத்தது. ஆனால் வில்லை மெழுகில் முக்கினால் கையில் நிற்காது, வழுக்கும்.

வார்னிஷில் வாங்குவதென்றால் ஸ்பார் வார்னிஷ் வாங்குங்கள். பாய்மரக் கப்பலின் மரத்தண்டுகளுக்காக வந்தது அது. காற்றில் வளையும் மரத்தோடு சேர்ந்து வளையும்படி எண்ணெய் அதிகம் சேர்த்திருப்பார்கள். மேஜைக்கு அடிக்கும் கெட்டியான வார்னிஷ் வில்லில் வெடித்துவிடும்.

நான் எடுத்திருப்பது அரக்குதான். புரசு, இலந்தை மாதிரி மரக்கிளைகளில் சின்னப் பூச்சிகள் சுரக்கும் பிசின் இது. நம் நாட்டில் ஜார்க்கண்டில் நிறைய எடுக்கிறார்கள். ராஞ்சி பக்கம் நாம்குமில் 1924-லேயே இதற்கென்று ஒரு ஆய்வு நிலையம் தொடங்கினார்கள். எனக்கு இதில் பிடித்த விஷயம், எங்காவது உரசிப் போனால் சுரண்ட வேண்டியதில்லை. புதுக் கோட் பழையதைக் கரைத்து அதோடு ஒட்டிக்கொள்ளும்.

100 மில்லி ஸ்பிரிட்டுக்கு 12 கிராம் அரக்குச் செதில், ராத்திரி முழுக்க ஊற வேண்டும். கடையில் கரைத்து விற்பதை வாங்கினால் தேதி பாருங்கள், பழசானால் காயாமல் பிசுபிசுக்கும். மழை நாளில் பூசாதீர்கள், வெள்ளை படியும். துணியில் தொட்டு, மெல்லிசாக நாலு கோட். நடுவில் தேய்ந்த உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு. நுனியில் மட்டும் கனமாகப் பூசாதீர்கள், அங்கே ஏறும் எடை அம்பின் வேகத்தைக் குறைக்கும். ஆனால் நாண் மாட்டும் வெட்டுக்குள் ஒரு இடம் விடாமல் பூசுங்கள். இழை வெட்டுப்பட்ட இடம்தான் ஈரத்தை வேகமாக உறிஞ்சும்.

கடைசியில் தேன்மெழுகு. 1545-லேயே இங்கிலாந்தில் வில்வித்தை பற்றிப் புத்தகம் எழுதிய ரோஜர் ஆஸ்கம், மெழுகுத் துணியால் வில்லைத் தினமும் தேய்க்கச் சொன்னார். தேய்த்த மெழுகு ஈரக்காற்றைத் தடுக்காது, மழைத்துளியை வழிந்தோட வைக்கும். எனக்கு அது போதும்.

எண்ணெய்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று. ஆளிவிதை எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள்.

அப்புறம், மரம் காயாமல் பூசினால் ஈரத்தை உள்ளே பூட்டியது மாதிரி. இந்த வில் ஒரு வாரம் பல்ப் எரியும் பெட்டிக்குள் இருந்தது. கடைசி மூன்று நாளும் சமையல் தராசில் 540 கிராம், மாறவே இல்லை. ஒரு சதவீத ஈரம் ஏறினால் சுமார் 5 கிராம் கூடும். கார்த்திகை முடிந்ததும் இதே தராசில் வைத்துக் காட்டுகிறேன்.

சரி, வெயில் வந்துவிட்டது. முதல் கோட் ஆரம்பிக்கிறேன்.